இலை விலக்காத தோட்டம்

வல்லக்குறிச்சிப் பாளையத்து அரண்மனை ஏழு நிலை உயரம். அதற்குக் கிழக்கே கிடக்கும் கல்குழியும் ஏறத்தாழ அவ்வளவு ஆழம். இங்கே வெட்டியதை அங்கே அடுக்கினால் வேறெப்படி இருக்கும்? அரண்மனையைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். குழியை எட்டிப் பார்க்க வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு பேச்சு கிளம்பியது. குழிக்குள் வெள்ளச்சி என்று ஒருத்தி இருக்கிறாளாம். ஏழு வயதில் அப்பனோடு கல்லுடைக்க இறங்கியவளாம். அரண்மனை முடிந்து எல்லோரும் மேலே ஏறிப் போனபோது இவள் மட்டும் ஏறவில்லையாம். பதினைந்து வருஷமாக உள்ளேயே இருந்து சிலை செதுக்குகிறாள், செடி வைக்கிறாள், அது பெரிய தோட்டமாகிவிட்டது என்றார்கள்.

ஸ்தபதி காளத்தியின் காதுக்கும் இது வந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. பதினோரு கோயிலுக்குச் சாமி செதுக்கியவர். கல்லுடைக்கிறவள் சிலை செதுக்குகிறாளா, போய்ப் பார்த்து நாலு குறை சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினார். வேறு நல்ல எண்ணம் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

குழியில் இறங்கப் படி இருந்தது. பாதி தூரம் இறங்கியதும் வெயில் காணாமல் போய்க் குளிர்ச்சி வந்தது. பாறை இடுக்கெல்லாம் ஊற்று கசிந்தது. கசிந்த இடமெல்லாம் பச்சை. வாழையும் தாழையும் கல்வாழையும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. சங்குப்பூக்கொடி தோளில் ஏற, பெரணி முழங்காலை மூட, நடுவில் ஆட்கள் இருந்தார்கள்.

ஆட்கள் என்றுதான் காளத்தி முதலில் நினைத்தார். குத்தவைத்து வெற்றிலை மடிக்கிற ஒருவன், கூடையைத் தலையில் ஏற்றப் போகிற ஒருத்தி, கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துத் தூங்குகிற ஒரு கிழவன். பக்கத்தில் போனால் எல்லாம் கல். இருபத்தேழு சிலைகள். ஒன்றுக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான மேடு மட்டும் இருந்தது.

காளத்திக்குக் குறை கிடைத்துவிட்டது. வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார். நாற்பது வயது இருக்கும். கை கால் எல்லாம் சேறு.

"நீதான் வெள்ளச்சியா? இவ்வளவு செஞ்சுட்டுக் கண்ணைத் திறக்காம விட்டிருக்கியே?"

"திறந்தா என்னாகும்?"

"சாமியாகும்."

"அதான் திறக்கல."

காளத்திக்குப் பதில் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கல் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வலக்கை தொடைமேல் இருந்தது. இடக்கையை முசுட்டைக்கொடி முழுதாக மூடியிருந்தது. கை எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று கொடியை விலக்கப் போனார். மணிக்கட்டில் சுள்ளென்று ஓர் அடி விழுந்தது. வெள்ளச்சி கையில் ஈர்க்குச்சி இருந்தது.

"இங்க இலையை விலக்கிப் பாக்குற பழக்கம் இல்ல, ஸ்தபதியாரே."

"ஏன், பாத்தா என்ன?"

"உங்க வேட்டியை நான் விலக்கிப் பாத்தேனா?"

காளத்தி சிரித்துவிட்டார். உள்ளுக்குள்ளும் ஒரு சிரிப்பு ஓடியது. சிற்பத்தில் கைதான் கஷ்டம். கைவராதவன் கையில் பூவைக் கொடுத்து மறைப்பான், துணியைப் போட்டு மறைப்பான். இவள் செடி வைத்து மறைக்கிறாள், பாவம், யாரிடம் கற்றாள் என்று அவருக்குத் தோன்றியது.

கிளம்பலாம் என்று திரும்பினார். அப்போதுதான் அந்த ஆளின் முதுகைப் பார்த்தார்.

முதுகெலும்பு சற்று வலப்பக்கம் வளைந்திருந்தது. இடத்தோள் ஏறியும் வலத்தோள் இறங்கியும் இருந்தன. இருபது வருஷம் ஒரே தோளில் கல் சுமந்த முதுகு அது. தான் செதுக்கிய சாமிகளின் முதுகுகளை அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாமியின் முதுகைக் கருவறைச் சுவர்தானே பார்க்கிறது! அதற்கு அவர் மனசு கொடுத்ததே இல்லை.

ஒரு நாழிகை அங்கேயே நின்றார். பிறகு வெள்ளச்சியிடம் திரும்பி வந்தார்.

"என்னைச் சீடனாச் சேத்துக்குவீங்களா, அம்மா?" நீ என்பது நீங்க ஆகிவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"உங்களுக்குத்தான் உளி பிடிக்கத் தெரியுமே."

"முதுகு தெரியாது."

வெள்ளச்சி குடத்தை எடுத்து நீட்டினாள். "அப்ப செடிக்குத் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். ஒரு வருஷம் ஊற்றினார். பதினோரு கோயில் ஸ்தபதி குடம் தூக்குகிறார் என்று ஊர் சிரித்தது. வெள்ளச்சி உளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஆட்களைப் பற்றிப் பேசினாள். முசுட்டைக்கொடிக்காரன் பேர் குருந்தன், கல்லில் ஆப்பு இறக்குவதில் கெட்டிக்காரன். தாழம்புதருக்குள் நிற்பது சங்கன், அவளுடைய அப்பன். இருபத்தேழு பேரும் இந்தக் குழியில் கல்லுடைத்தவர்கள், யாரும் இப்போது உயிரோடு இல்லை. மூடியிருக்கும் இலைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கைவராத ஆசிரியையை அவமானப்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை அவருக்கு.

குருந்தனின் பெண்டாட்டி இருளாயி வாரம் தவறாமல் வருவாள். குருந்தனின் முழங்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அவனைத் திட்டுவாள்.

"மருமவ உப்பில்லாம ஆக்கிப் போடுறா. ஏன்னு கேக்க ஆளில்ல. நீ இங்க சொகுசா உக்காந்திருக்க!"

திட்டி முடித்ததும் முகம் தெளிந்துவிடும். முசுட்டை இலை நாலு கிள்ளி மடியில் கட்டிக்கொண்டு போவாள். காளத்தி எத்தனையோ கோயிலில் எத்தனையோ பேர் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறார். இப்படிக் கல்லோடு குடும்பம் நடத்துகிறவளைப் பார்த்ததில்லை. அவள் வருகிற கிழமைக்காக அவரும் காத்திருக்க ஆரம்பித்தார்.

அந்த ஐப்பசியில் தண்டோரா போட்டார்கள். ராசா மகளுக்குத் தையில் கல்யாணம். தெப்ப ஊர்வலம் நடக்கும். அரண்மனைக்குக் கிழக்கே கிடக்கும் பாழ்குழி தெப்பக்குளமாகும். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டுகிறார்கள், கார்த்திகைப் பௌர்ணமியன்று தண்ணீர் திறக்கப்படும்.

காளத்தி சாப்பிடாமலே குழிக்குள் இறங்கினார். வெள்ளச்சி அன்றைக்கும் கல்வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணிய விடப் போறாங்க."

"கேட்டுச்சு. தண்டோராக்காரனுக்கு நல்ல தொண்டை."

"ஒரு வழி இருக்கு. கண்ணைத் திறந்துடுவோம். கண் திறந்த சாமி இருக்குற இடத்துல தண்ணிய விட எந்த ராசாவுக்கும் துணிச்சல் வராது."

"குருந்தன் சாமியில்லையே."

"ஆக்கிடலாம். ஒரு நாழிகை வேலை. எங்கிட்டத் தங்க உளி இருக்கு."

வெள்ளச்சி நிமிர்ந்தாள். "மனுசனா இருந்தா விட்டுவைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க, அம்மா."

"அப்ப நீங்க சாமியைக் காப்பாத்துற வழி சொல்றீங்க. நான் குருந்தனைக் காப்பாத்துற வழி கேக்குறேன்."

"வழி இல்லேன்னா?"

அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டாள். "மலைக்குப் போயிட்டு நாலு நாள்ல வர்றேன். செண்பகக்கன்னு பறிக்கணும்."

"மூழ்கப் போற இடத்துல கன்னு நடப்போறீங்களா?"

"மழை பேஞ்சிருக்கு. இது நடுற காலம்."

அவள் போய்விட்டாள். காளத்தி தனியாக உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தார். பிடிவாதக்காரியின் பிடிவாதத்துக்கு இருபத்தேழு பேர் பலியாவதா என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபம் பாதி, பயம் பாதி. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தலைமுழுகிவிட்டுத் தங்க உளியை எடுத்தார். குழிக்குள் வெயில் நேராக இறங்குவது அந்த வேளையில்தான்.

குருந்தனைத் தேர்ந்தெடுத்தார். பார்வைக்கு லட்சணமாக, அங்கம் நிறைவாக இருப்பவன் அவன்தான் என்று அவருக்குத் தோன்றியது. மந்திரம் சொல்லி, இரண்டு விழிகளையும் மெல்லக் கீறித் திறந்தார். கண் திறந்ததும் முதல் பார்வை நல்லதில் விழ வேண்டும், பசு கன்று நிறுத்துவார்கள், கண்ணாடி காட்டுவார்கள். குழிக்குள் பசுவுக்கு எங்கே போவது? கண்ணாடியை மட்டும் நீட்டினார். கண்ணாடி சாய்ந்து, குருந்தனின் முகம் விழ வேண்டிய இடத்தில் மேலே நிற்கும் அரண்மனையின் ஏழாம் நிலை விழுந்தது. சட்டென்று திருப்பிவிட்டார்.

கண் திறந்த செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியது. மறுநாள் விடிந்ததும் படி கொள்ளாத கூட்டம். பூ, பழம், கற்பூரம். அரண்மனைப் பட்டர் இறங்கி வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காளத்திக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டம் பிழைத்தது என்று நினைத்தார்.

அன்று இருளாயி வருகிற கிழமை. வந்தாள். வழக்கம்போல முழங்காலில் சாயப் போனாள்.

"ஏய் கிழவி, தொடாதே! தீட்டு!" என்று பட்டர் நிறுத்தியிருந்த காவலாள் கத்தினான். குருந்தனைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது.

"எம் புருசன்யா!"

கூட்டம் சிரித்தது. இருளாயி கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சாமியை எப்படித் திட்டுவது? காளத்தியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எத்தனையோ பேரைக் கேலி செய்தவர் காளத்தி. அது தன் கையாலேயே நடந்துவிட்டதென்று அப்போது அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். சாமிக்கு இடம் குழியல்ல, கோயில்தான் என்று ராசா திருவுள்ளம் கொண்டிருக்கிறார். பௌர்ணமியன்று காலை அவரே வந்து சாமியை எடுத்துப் போவார். மதியம் தண்ணீர் திறக்கப்படும்.

"இது வெள்ளச்சியோட சிலைப்பா!"

"கண் திறந்த பிறகு சிலை யாருக்குச் சொந்தம், ஸ்தபதியாரே? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கண் திறக்கும் வரைதான் கல் செதுக்கியவருடையது. திறந்தபின் அதன்மேல் உளி வைக்கவும் உரிமையில்லை. நாற்பது வருஷமாக அவரே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது.

வெள்ளச்சி செண்பகக்கன்றுகளோடு வந்தாள். கயிற்றைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். காளத்தி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன், அம்மா. அடிச்சு வெரட்டுங்க."

"இருளாயி வந்தாளா?"

"வந்தாங்க. தொட விடல."

வெள்ளச்சி கன்றுக்கட்டைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, "எந்திரிங்க, கன்னு வாடுது" என்றாள். இருவரும் ஒன்பது செண்பகக்கன்று நட்டார்கள். காளத்தி அழுதுகொண்டே நட்டார். அவள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

பௌர்ணமி காலையில் ராசா வந்தார். ராசாவுக்கு இடக்காது கிடையாது. இளவயதில் பக்கத்துப் பாளையத்தோடு நடந்த சண்டையில் வாள் கொண்டுபோன காது அது. தலைப்பாகையை அந்தப் பக்கம் மட்டும் சற்றுத் தூக்கிக் கட்டுவார், எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று. கட்டியக்காரன் முன்னால் வந்து முழங்கினான்.

"வென்று மீண்டான், விழுப்புண் கொண்டான், வல்லக்குறிச்சி மன்னன் வருகிறான்!"

ஊரே குழிக்குள் இருந்தது. கல்லுடைத்தவர்களின் வீட்டு ஆட்களும் ஒதுக்குப்புறமாக நின்றார்கள். பட்டர் பூசை போட்டார். சிலையைப் பெயர்த்தெடுக்க ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். ஒருவன் குருந்தனின் இடக்கையை மூடிய முசுட்டைக்கொடியை அறுத்து இழுத்தான்.

பட்டர் பின்னால் துள்ளினார். "பின்னம்! பின்னம்!"

குருந்தனின் இடக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

காளத்தி குனிந்து பார்த்தார். உடைந்த கல் அல்ல அது. உளி வழுக்கவும் இல்லை. விரல் போன இடத்தில் ஆறிய தோல் மடிந்து சுருங்கியிருப்பது வரை செதுக்கியிருந்தது. இவ்வளவு நல்ல கையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை, செய்ததும் இல்லை. கைவராதவள் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

"அங்கம் குறைந்தது சாமியாகாது, மகாராசா," என்றார் பட்டர். "இதை எடுத்துப் போவது பாவம்."

"பின்னமானதை என்ன செய்வது வழக்கம்?" என்று ராசா கேட்டார்.

"ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவது."

ராசா சிரித்தார். "ஆற்றுக்குத் தூக்கிப் போகும் வேலையும் இல்லை. குளம் இங்கேயே வருகிறது. மதியம் திறந்து விடுங்கள்."

கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இருளாயி கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். யாரும் தீட்டு என்று கத்தவில்லை. பின்னத்துக்கு ஏது தீட்டு? குருந்தனின் குறைக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ரெண்டு வெரலும் எங்க போச்சு தெரியுமா, மகாராசா? உங்க வாசப்படிக் கல்லு உருண்டுச்சே, அதுக்கடியில. தெனம் மிதிச்சுத்தான் உள்ள போறீங்க."

காவலாள் அவளைப் பிடிக்கப் போனான். வெள்ளச்சி நடுவில் வந்து நின்றாள். கையில் மண்வெட்டி இருந்தது. ஓங்கவில்லை, ஊன்றியிருந்தாள்.

"மகாராசா, தண்ணி திறக்குறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போங்க."

"என்ன?"

அவள் தாழம்புதர் பக்கம் நடந்தாள். முள் கையைக் கீறியது. ஓலையை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடித்து விலக்கினாள். பதினாறு வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் அவள் இலை விலக்கியது அன்றுதான். உள்ளே சங்கன் நின்றான். அவனுக்கு இடக்காது இல்லை.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"இது எங்கய்யா, பேரு சங்கன். உங்க வாசலுக்கு மேல உத்தரக்கல்லு இருக்கே, அதைப் பொளந்தப்ப தெறிச்ச சில்லு காதைக் கொண்டுபோயிருச்சு. அன்னைக்கும் பொழுது சாயிற வரைக்கும் வேலை செஞ்சாரு."

ராசா சங்கனை ஏறிட்டுப் பார்த்தார்.

வெள்ளச்சி கட்டியக்காரனைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணே, இங்க வாங்க. எங்கய்யா முன்னால நின்னு கட்டியம் சொல்லுங்க."

"என்னம்மா?"

"இப்ப வரும்போது சொன்னீங்களே. விழுப்புண் கொண்டான்னு. அதைச் சொல்லுங்க. காதில்லாத ஆளு ரெண்டு பேரு நிக்கிறாங்க. யாரைக் கூப்பிடுறீங்கன்னு பாப்போம்."

"வெள்ளச்சி!" என்று பட்டர் அதட்டினார்.

"நீங்க இருங்க, சாமி. ராசாவுக்குப் போனா விழுப்புண்ணு, எங்கய்யாவுக்குப் போனா பின்னமா? ஒரே காது. ஒரே பக்கம். ஒரே பாளையத்துக்கு. பின்னமெல்லாம் தண்ணிக்குள்ள போகணும்னா போவோம், நானும் எறங்குறேன். வரிசையில முதல் ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க."

கட்டியக்காரன் வாயைத் திறந்தான். ராசாவைப் பார்த்தான், சங்கனைப் பார்த்தான். முப்பது வருஷமாகத் தூக்கத்தில்கூடத் தடுமாறாத வாய் அது. சத்தம் வரவில்லை.

ராசாவின் இடக்கை தானாக மேலே போய்க் காது இருந்த இடத்தைத் தொட்டது.

ஒதுக்குப்புறமாக நின்ற ஆட்கள் அப்போது அசைந்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருத்தி போய்த் தன் தகப்பனின் முழங்காலை மூடிய பெரணியை விலக்கினாள், பாதம் இல்லை. இன்னொருவன் தன் தாயின் முகத்தின்மேல் தொங்கிய சங்குப்பூக்கொடியை ஒதுக்கினான், தாடை நசுங்கியிருந்தது. ஒரு விரல், ஒரு கணுக்கால், ஒரு தோள். இலை விலக விலக அரண்மனையின் தூண் தூணாக, படி படியாகக் கணக்குத் தெரிந்தது. கடப்பாரை பிடித்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள்.

ராசா திரும்பிப் படியேறினார். கட்டியக்காரனும் பின்னால் போனான். கட்டியம் இல்லாமல் ராசா நடந்து போனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

மதியம் ஆயிற்று. தண்ணீர் வரவில்லை. மூன்று நாள் கழித்துக் கால்வாய் வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்கள். நீர்மட்டம் சரியாக அமையவில்லை, தெப்பக்குளம் மேற்கே வெட்டப்படும் என்று தண்டோரா போட்டார்கள். தண்டோராக்காரனுக்கு அன்றைக்குத் தொண்டை அவ்வளவு நன்றாக இல்லை. ராசா தலைப்பாகையைக் காது மூடக் கட்டிக்கொண்டு கொலுவுக்கு வருகிறார் என்று அரண்மனையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

இருளாயி தன் கிழமையில் வந்தாள். குருந்தனின் முழங்காலில் சாய்ந்தாள். திறந்த கண்ணை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன முறைக்கிற? நீ இல்லாம நாந்தான் சீரழிஞ்சேன்," என்று ஆரம்பித்தாள். காளத்தி தூரத்தில் குடத்தோடு நின்று கேட்டார். அவருக்கு மூச்சு வந்தது.

அவள் போனபிறகு வெள்ளச்சியிடம் வந்தார்.

"அம்மா, குருந்தன் கண்ணை என்ன செய்ய? தேய்ச்சு மூடிடவா?"

"திறந்த கண்ணை மூடுறதுக்கு உங்க தொழில்ல உளி இருக்கா?"

"இல்ல."

"அப்ப விடுங்க."

"இன்னொரு தப்பும் நடந்துச்சு. கண்ணாடி சாஞ்சிருச்சு. முதல் பார்வை அரண்மனை மேல விழுந்துருச்சு. அபசகுனம்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல."

வெள்ளச்சி முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். இடுப்பிலிருந்து தன் உளியை எடுத்தாள். இரும்பு உளி, தலை சப்பிப்போன கல்லுடைக்கும் உளி. அதை அவரிடம் நீட்டினாள்.

"மத்த இருவத்தாறு பேருக்கும் திறங்க."

காளத்தி அதை வாங்கவில்லை. "அன்னைக்கு வேண்டாம்னீங்களே, அம்மா?"

"அன்னைக்கு இலை மூடியிருந்துச்சு. அப்பத் திறந்தா சாமி. இப்ப எல்லாரும் பாத்துட்டாங்க. இனிமே திறந்தா கண்ணு."

காளத்தி உளியை வாங்கினார். தங்க உளியைவிடக் கனமாக இருந்தது. சங்கன் முன்னால் போய் நின்று, தலைமுழுகாததை நினைத்து ஒரு கணம் தயங்கினார்.

"மந்திரம் என்ன சொல்றது?"

"அவரவர் பேரைச் சொல்லுங்க."

"சங்கன்," என்றார் காளத்தி. உளியை வைத்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. "முதல் பார்வைக்கு எதைக் காட்டுறது, அம்மா? பசுவும் இல்ல, கண்ணாடியும் கொண்டு வரல."

வெள்ளச்சி அண்ணாந்து மேலே பார்த்தாள். குழியின் விளிம்புக்கு அப்பால் ஏழு நிலையும் வெயிலில் நின்றன.

"அதான் எதிர்லயே கட்டி வெச்சிருக்கோமே."